கைக்கு எட்டும் ஓசை

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ பயிற்சிக்காக மலேசியாவிலிருந்து லண்டன் போகிறாய் என்ற செய்தி தெரியாதவர் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் இல்லை. எல்லாம் உன் அம்மாவின் வேலை. பூக்கடையில் தொடங்கி மளிகைக்கடை வரை எல்லோரும் என்னை நிறுத்தி விசாரிக்கிறார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் வேலை முடிந்து இரவில் தனியாக அறைக்கு நடந்து போவாயே என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. அதனால்தான் ஆபத்தில் அலறவிடும் கையடக்கப் பாதுகாப்பு அலாரம் வாங்கப் போவதாகச் சொல்லி மூன்று படங்களை நீ அனுப்பியபோது மனது லேசானது. போனில் பேசினால் வேலைக்கு நடுவே பாதியைத்தான் கேட்பாய். நிதானமாகப் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

பெப்பர் ஸ்பிரே கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் அம்மா. பிரிட்டனில் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம், 5-ஆவது பிரிவில், அதைத் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களோடு சேர்த்திருக்கிறது. கைப்பையில் கிடந்தாலே குற்றம். திரும்பும் வழியில் சிங்கப்பூரில் சித்தி வீட்டில் இறங்குவாய். அங்கும் அனுமதியில்லாமல் கொண்டு போக முடியாது. தற்காப்புக்கு வைத்திருந்தேன் என்ற பேச்சு எடுபடாது. அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடு.

இனி அலாரத்துக்கு வருகிறேன். மூன்றாவது படத்தில் உள்ள பெட்டியில் 140 டெசிபல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் உனக்கு ஆசை வந்திருக்கும். எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தார்கள் என்று அதில் எங்கேயும் இல்லையே! திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஓசை சுமார் 6 டெசிபல் குறையும். தூரம் பத்து மடங்கானால் 20 குறையும். 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்து அளந்தபோது 130 காட்டிய கருவி, 1 மீட்டரில் 110தான் காட்டும், 10 மீட்டரில் 90. தூரத்தைச் சொல்லாத எண் ஏட்டுச் சுரைக்காய். அதை நம்பிக் காசு கொடுக்காதே. பெட்டியில் 120 என்று போட்ட நல்ல கருவி, 140 என்று போட்ட மட்டமான கருவியைவிடச் சத்தமாக அலறுவது நடக்கக்கூடியதுதான்.

ஈப்போவுக்குச் சாமான் எடுக்கப் போனபோது, உன் முதல் படத்தில் இருப்பதைப் போன்ற ஒன்றை வாங்கி வந்து கடையில் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. வட்டமான பித்தளைத் தகடு, அதன்மேல் ஒட்டிய மெல்லிய பீங்கான் வில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது வில்லை தகட்டை வளைத்து நிமிர்த்தும். அந்த அதிர்வுதான் கீச்சென்று வருகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஓசையை. நல்ல கருவி அந்த வரம்புக்குள் அலறும். பக்கத்தில் இரண்டு செப்பு நாக்குகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் ஊசி செருகியிருக்கும்வரை அவை தொடுவதில்லை. ஊசியை இழுத்தால் தொட்டுக்கொள்ளும், ஓசை கிளம்பும். ஊசியைத் திரும்பச் செருகும்வரை நிற்காது.

எனக்குப் பிடித்தது இந்த வகைதான். காரணத்தைச் சொல்கிறேன். பயந்த கைக்கு நுணுக்கமான வேலை வராது. விரல் நடுங்கும், கண் இருட்டும். நீ அனுப்பிய இரண்டாவது கருவியில் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். பொத்தானோ உடம்போடு உடம்பாக வழவழவென்று இருக்கிறது. இருட்டில், கையுறை போட்ட விரலால், அதைத் தடவிக் கண்டுபிடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். ஊசி வகையில் நூலைப் பற்றி ஓர் இழுப்பு, அவ்வளவுதான். கருவியையே ஒருவன் பிடுங்கி எறிந்தாலும் அது கிடந்து அலறிக்கொண்டே இருக்கும். நிறுத்தும் ஊசி உன் கையில் இருக்கும். வாங்கும்போது கடையிலேயே இழுத்துப் பார். பையில் உரசினாலே கழன்றுவிடும் ஊசி தினமும் தொல்லை கொடுக்கும். பல்லைக் கடித்து இழுக்க வேண்டிய ஊசி சமயத்தில் உதவாது. ஈரக் கையாலும் இடது கையாலும் இழுத்துப் பார். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மூன்றாவது கருவி போனோடு இணைந்து நீ இருக்கும் இடத்தை எங்களுக்கு அனுப்புமாம். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. உன் அம்மா அதையே வாங்கச் சொல்கிறாள். ஆனால் புளூடூத் அறுந்தால், போனில் சார்ஜ் இல்லாவிட்டால், ரோமிங் கிடைக்காவிட்டால், அந்தச் செய்தி வராது. வந்தாலும் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் என்ன செய்துவிட முடியும்? உனக்கு அருகில் இருப்பவன் காதில் விழ வேண்டும். ஆசைப்பட்டால் அதையும் இரண்டாவதாக வைத்துக்கொள்.

உன் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன காலத்தை நீ பார்த்ததில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு மர நிரைக்குப் பிரிந்து போவார்கள். அந்த இருட்டில் பக்கத்து நிரையில் யார் இருக்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியாது. இடையிடையே ஒருவர் கூவுவார், அடுத்தவர் பதிலுக்குக் கூவுவார். பதில் வராவிட்டால் கத்தியைப் போட்டுவிட்டுத் தேடிப் போவார்கள். சிறுவனாக அம்மாவுக்குப் பால் வடியும் மங்கு துடைக்கப் போன நாள்களில் அந்தக் கூவலைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்தில் பலம் ஒன்றும் இல்லை. அது என்ன சத்தம், யாருடையது, கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அது வேலை செய்தது.

லண்டன் தெருவில் உன் அலாரத்தைக் கேட்பவருக்கு இந்த மூன்றும் தெரியாது. கார் அலாரம், கடை அலாரம் என்று கேட்டுக் கேட்டு ஊரே பழகிப்போயிருக்கும். ஆகவே ஊசியை இழுத்ததும் யாரோ ஓடி வருவார்கள் என்று அங்கேயே நிற்காதே. அந்தக் கருவி உனக்கு வாங்கித் தருவது சில விநாடிகள். எதிரில் நிற்பவன் திடுக்கிடுவான், சுற்றுமுற்றும் பார்ப்பான், அந்த நேரத்தில் நீ கிளம்பிவிட வேண்டும். வெளிச்சம் இருக்கும் கடைக்கோ ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கோ ஓடு. கருவியை அவன் பக்கம் தூக்கி எறிந்துவிட்டுப் போனாலும் சரி. ஓடும்போது வாயையும் திற. 'போலீசைக் கூப்பிடுங்கள்' என்று அவர்கள் மொழியில் கத்து. அலாரம் திரும்பிப் பார்க்க வைக்கும், உன் குரல்தான் இது என்ன விவகாரம் என்று சொல்லும். வெட்கப்படாதே, தப்பாக நினைத்துவிட்டோமோ என்று தயங்காதே. ஆபத்துக்குப் பாவமில்லை.

ஒன்று மறந்துவிட்டேன்: உன் காதுக்குப் பக்கத்தில் வைத்து இழுக்கக்கூடாது. 120 டெசிபலுக்கு மேல் போனால் காது வலிக்கத் தொடங்கும். மிக அருகில் என்றால் செவித்திறனே கெடலாம். கையை நீட்டிப் பிடி.

எங்கே மாட்டுவது என்பதில் உன்னோடு எனக்குச் சண்டையே வரும். சாவிக்கொத்தோடு சேர்த்துக் கைப்பையின் அடியில் போட்டுவைப்பாய், எனக்குத் தெரியும். அங்கே அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இருட்டிய பிறகு நடக்கும்போது கையிலேயே இருக்கட்டும், அல்லது கோட்டின் வெளிப்பையில். கழுத்தில் மட்டும் கயிறு கட்டித் தொங்கவிடாதே. பிடித்து இழுத்தால் அதுவே உனக்கு எமன். பையை யாராவது பறித்தால் விட்டுவிடு. மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்களிடம் பையை விடாமல் பிடித்து, ரோட்டில் இழுபட்டு விழுந்த பெண்களின் செய்தியை நம் நாட்டிலேயே எவ்வளவு படித்திருக்கிறோம்! பாஸ்போர்ட்டைக்கூட மறுபடி எடுத்துக்கொள்ளலாம். லண்டனில் இருசக்கர வாகனத்தில் வந்து போனைப் பறிப்பது சாதாரணமாகிவிட்டது. நடைபாதை ஓரத்தில் நின்று போனைப் பார்க்காதே.

பேட்டரி விஷயம் என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள். இந்த ஊசி வகைகளில் பெரும்பாலும் எல்ஆர்44 என்னும் பொத்தான் பேட்டரிகளைப் போடுகிறார்கள். ஒவ்வொன்றும் 1.5 வோல்ட். மலிவான பேட்டரி நாளானால் கசிந்து, செப்பு நாக்கில் வெள்ளைப் பொடி படிந்துவிடும். அப்புறம் ஊசியை இழுத்தாலும் சத்தம் வராது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதம் ஒருமுறை தலையணைக்கு அடியில் வைத்து ஒரு நொடி இழுத்துச் செருகிப் பார். குரல் கம்மியிருந்தால் எல்லாப் பேட்டரிகளையும் ஒரே நேரத்தில் மாற்று. பழையதோடு புதியதைக் கலக்காதே. குளிரில் பேட்டரியின் வேகம் குறையும், அதனால் உடம்புச் சூடு படும் பக்கத்துப் பையில் வை. சித்தி வீட்டில் குழந்தை இருக்கிறது. கழற்றிய பொத்தான் பேட்டரி ஒன்றுகூட மேசைமேல் கிடக்கக்கூடாது. விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும், உயிருக்கே ஆபத்து.

விமானத்தில் ஏறுமுன் ஊசி அசையாதபடி டேப் சுற்றிவிடு, இறங்கியதும் பிரித்துவிடு. பவர் பேங்க் கையோடு கொண்டு போகும் பையில்தான் இருக்க வேண்டும்.

அறைக்கதவுக்கு அடியில் செருகும் ஆப்பு வடிவ அலாரம் ஒன்று விற்கிறார்கள். விலை அதிகமில்லை. கதவை யாராவது தள்ளினால் கதவும் நகராது, அலாரமும் அலறும். உள்பக்கம் திறக்கும் கதவுக்குத்தான் அது பயன்படும். வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்றால் வீண். வழவழப்பான தரையில் வழுக்கும், அடியில் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. தீ விபத்து என்றால் தூக்கத்திலேயே எழுந்து அதைக் காலால் தட்டிவிட முடிகிறதா என்று முதல் இரவே பழகிக்கொள்.

லண்டனிலும் அவசர எண் நம் ஊரைப் போலவே 999தான். 112-உம் வேலை செய்யும். பேச முடியாத நிலையில் கைப்பேசியிலிருந்து 999 அழைத்தால், கேட்கும்போது 55 அழுத்து. தவறி விழுந்த அழைப்பு இல்லை என்று தெரிந்துகொண்டு போலீசுக்குத் திருப்பிவிடுவார்கள். ஆனால் அது நீ இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்காது. முடிந்தால் கிசுகிசுத்தாவது இடத்தைச் சொல். ரயிலில் எவனாவது தொந்தரவு செய்தால் 61016 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ரயில்வே போலீசுக்குப் போகும். உயிருக்கு ஆபத்து என்றால் அது போதாது, 999தான்.

இதையெல்லாம் தேடிப் படித்தபோது சூசி லாம்ப்ளூ என்ற பெண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டேன். லண்டனில் வீடு விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், 25 வயது. 1986 ஜூலை 28 அன்று ஒருவருக்கு வீடு காட்டப் போனவர் திரும்பவே இல்லை. அந்த ஆண்டே அவருடைய அம்மா டயானாவும் அப்பாவும் மகள் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, தனியாக வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்புக்காகப் பாடுபட்டார்கள். அது இன்றும் நடக்கிறது. அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன். எங்கே போகிறாய், யாரைப் பார்க்கிறாய், எப்போது திரும்புவாய் என்று வேலையிடத்தில் ஒருவரிடமாவது தினமும் சொல்லிவிட்டுப் போ. இது உன்னை அடக்கி வைக்கும் பேச்சு என்று நினைக்காதே. நீ எங்கும் போக வேண்டும், எல்லாம் பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் படத்தில் உள்ளதையே வாங்கு, கதவு ஆப்பு ஒன்றும் வாங்கு. சனிக்கிழமை வரும்போது இரண்டையும் எடுத்து வா, பிரித்துப் பார்த்துத் தருகிறேன். பேட்டரி வாங்க வேண்டாம், கடையில் புதிய அட்டைகள் வந்திருக்கின்றன. விடுதியின் முகவரியையும் விமான நேரத்தையும் உன் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் தனித்தனியாக அனுப்பிவிடு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா