பீன்ஸ் கம்பு தந்த பாட்டிக்கும் மற்ற எல்லாருக்கும்

லயத்து உறவுகளுக்கு வணக்கம்.

லீவில் நம் படிப்பகத்துப் பிள்ளைகளுக்குப் அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் கதையைச் சொல்லப்போகிறேன் என்றதும், மூணாறு எஸ்டேட்டில் இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. "என்ன வேணும், சொல்லுங்க" என்றுதான் கேட்டீர்கள்.

நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் உறைபனிதான். ஜனவரியில் செண்டுவரைப் பக்கம் விடியற்காலையில் புல்மேல் உப்புத் தூவினாற்போலக் கிடக்கும், தேயிலை கருகும். அதன்மேல் ஒருவர் வழுக்கிக்கொண்டு இறங்குவதை வாயால் சொன்னால் புரியுமா? டவுனிலிருந்து புரொஜெக்டரை மடியில் வைத்தே கொண்டுவந்த ஜீப் அண்ணனுக்கு நன்றி. நட்ட கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தயத்தைப் பார்த்ததும், "நாமளும் ஓடலாம்" என்று பிள்ளைகள் குதித்துவிட்டார்கள்.

கம்புக்கு எங்கே போவது? கடைசி வீட்டுப் பாட்டி, பீன்ஸ் கொடிக்கு வைத்திருந்த மூங்கில் கம்பு இருபதையும் கட்டோடு தூக்கிக் கொடுத்தார். பாட்டி, உலகப் பந்தயத்திலும் முன்பு மூங்கில் கம்புதான் நட்டார்கள். மடங்கும் பிளாஸ்டிக் கம்பெல்லாம் 1980-களில் வந்தது. உங்கள் கம்புகளை நுனிவரை சீவி வழவழப்பாக்கியிருந்தீர்களே, ஒரு பிள்ளை கையிலும் சிராய் ஏறவில்லை.

பி.டி. சார் ஸ்டாப் வாட்ச்சோடு கீழே நின்றார். ஸ்லாலத்தில் இரண்டு முறை இறங்கி, இரண்டு நேரத்தையும் கூட்டுவார்கள். ஒரு கம்பை விட்டால் அவுட். முதல் ஓட்டத்தில் முந்திய பையன் இரண்டாவதில் மூன்றாம் கம்பை விட்டுவிட்டான். தேயிலைச் செடியோரம் போய் உட்கார்ந்தவன் கூப்பிட்டும் வரவில்லை. வேலைவிட்டு நேரே வந்த அவன் அம்மா, ஒன்றும் பேசாமல் பூட்ஸ் காலோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா, உங்களுக்குத் தனியாக நன்றி.

அப்புறம்தான் நான் எழுதி வைத்திருந்த வரிசையை விட்டுவிட்டு மிக்கேலாவின் கதையை 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கிலிருந்து ஆரம்பித்தேன். 2014-இல் 18 வயதில் ஒலிம்பிக் ஸ்லாலம் தங்கம் வாங்கியவர், பெய்ஜிங்கில், கம்புகள் இன்னும் தள்ளித் தள்ளி நிற்கும் ஜயன்ட் ஸ்லாலத்தில் சில விநாடிகளிலேயே விழுந்தார். ஸ்லாலத்திலும் தொடக்கத்திலேயே தடம் தவறி, ஓரமாகப் பனியில் வெகுநேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். தனிநபர் போட்டிகளில் ஒரு பதக்கம்கூட இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் அப்பா இறந்திருந்தார். பயிற்சியில் கூடவே நின்றவர் அம்மா ஐலீன்.

மறு வருஷம் மார்ச்சில், ஸ்வீடனின் ஓரே என்ற மலையில் 87-ஆவது உலகக் கோப்பை வெற்றி. ஸ்வீடன் வீரர் ஸ்டென்மார்க்கின் 86 வெற்றிச் சாதனை முறிந்தது. 17 வயதில் முதன்முதலாக ஜெயித்ததும் அதே மலையில்தான். 2024 நவம்பரில் அமெரிக்காவின் கில்லிங்டனில் விழுந்து வயிற்றில் ஆழமான காயம். 2025 பிப்ரவரியில் இத்தாலியின் செஸ்ட்ரியேரில் 100-ஆவது வெற்றி. என்னைக் கேட்டால், அந்த நூறைவிட, காயம் ஆறி ஜனவரி கடைசியில் மறுபடி பந்தயத்துக்கு வந்து நின்றதுதான் பெரிசு. அதைச் சொல்லும்போது செடியோரத்திலிருந்து பையன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து முன்வரிசைக்கு வந்திருந்தான்.

கப்பக்கிழங்கு அவித்து, கட்டன் சாயா போட்டுத் தந்த அக்காமாருக்கு நன்றி. இருட்டியபிறகு பிள்ளைகளை வீடு வீடாகக் கொண்டுபோய் விட்ட தம்பிகளுக்கும்.

பாட்டி, கம்புகளைக் கழுவிப் படிப்பகத் திண்ணையில் சாத்தி வைத்திருக்கிறோம். பதினெட்டுதான் இருக்கும். இரண்டை அந்தப் பையன் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், கொடி ஏறும் நாளுக்குள் தருவதாகச் சொன்னான்.