பாயிண்ட்டைக் கழற்றும் முன் வயரிங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள்கள் பற்றி உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன், படங்கள் அருமை. ஆனால் ஸ்டார்ட்டிங் தொல்லை இருந்தால் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிட்டால் போதும் என்ற பொருளில் கடைசியில் ஒரு வரி வந்திருந்தது. அந்த வரியை நம்பி நாளைக்கே ஒருவர் கடைக்குப் போய், கையில் கிடைத்த பெட்டியை வாங்கி மாட்டுவார். வண்டி பழையபடியே மக்கர் பண்ணும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாயிண்ட்டை விட்டு எலக்ட்ரானிக்குக்கு மாறலாமா என்ற கேள்வி நம் ஊரில் அதிகம் எழுவது காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இன்ஜின் கொண்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டுக்குத்தான். பாயிண்ட் என்பது, பேட்டரி கரண்ட்டை உயர் வோல்டேஜாக்கும் காயிலுக்குப் போகும் கரண்ட்டைச் சரியான நேரத்தில் வெட்டி, பிளக்கில் தீப்பொறி விழ வைக்கும் சின்ன ஸ்விட்ச். 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய பிறகு இங்கே மெட்ராஸில் உருவாகி, பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமல் வந்த அந்த இன்ஜினில் வலது பக்கம், சிலிண்டருக்குப் பின்னால் ஒரு வட்ட மூடி இருக்கும். அதைத் திறந்தால் பாயிண்ட், அதன் முனை சீக்கிரம் கருகாமல் காக்கும் கண்டன்சர், பாயிண்ட் பிளேட்டுக்குக் கீழே இரண்டு எடைகளும் இரண்டு சின்ன ஸ்பிரிங்குகளும் கொண்ட அட்வான்ஸ் யூனிட். அவ்வளவுதான். இன்ஜின் வேகம் கூடக் கூட எடைகள் விரிந்து தீப்பொறியை முன்கூட்டியே விழ வைக்கும், இதுதான் அட்வான்ஸ். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும்.

தீப்பொறி விழும் நேரமான இந்த டைமிங்கைப் பழைய மெக்கானிக்குகள் வைக்கும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பிளக்கைக் கழற்றி, துளை வழியாகக் கம்பி விட்டு பிஸ்டனை அளந்து நிறுத்துவார்கள். சாவியை ஆன் பண்ணினால் ஹெட்லைட் மேலே உள்ள ஆம்பியர் மீட்டர் முள் இடது பக்கம் சாய்ந்து நிற்கும், பாயிண்ட் மூடியிருக்கிறது, காயிலுக்குக் கரண்ட் போகிறது என்று அர்த்தம். அப்புறம் பாயிண்ட் பிளேட்டை மெதுவாக, மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார்கள். ஒரு இடத்தில் முள் டக்கென்று நடுவுக்குத் திரும்பும். அங்கே ஸ்க்ரூவை இறுக்கினால் வேலை முடிந்தது. தனியாக ஒரு கருவியும் வேண்டாம், வண்டியிலேயே எல்லாம் இருக்கிறது. இப்படி நடுரோட்டில் உட்கார்ந்து சரி செய்யக்கூடிய ஒன்றை, நடுரோட்டில் சரி செய்யவே முடியாத ஒன்றுக்காக விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை.

மாற்றுவதற்கு முன்னால் மூன்று இடங்களைப் பார்த்தே ஆக வேண்டும். முதலில் வோல்டேஜ். மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள், பிறகு சாவி ஆனில், பாயிண்ட் மூடியிருக்கும்போது, காயிலுக்கு வரும் வயரில் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 12.6 காட்டி காயிலில் 11 காட்டினால் அந்த வித்தியாசம் துருப்பிடித்த சாவி ஸ்விட்சிலோ, கறுத்துப்போன கனெக்டரிலோ, பெயிண்ட் மேல் முடுக்கிய எர்த் வயரிலோ செத்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் எலக்ட்ரானிக் பெட்டி மாட்டினால் பாயிண்ட்டைவிட மோசமாகத்தான் ஓடும். ஏனென்றால் பாயிண்ட் குறைந்த வோல்டேஜிலும் மெலிதாகவாவது பொறி தரும், எலக்ட்ரானிக் பெட்டிகள் ஒரு அளவுக்குக் கீழே வோல்டேஜ் இறங்கினால் தடுமாறிவிடும். பழைய அனலாக் வகைகள் சிலவற்றில் பேட்டரி பலவீனமாக இருந்தால் டைமிங்கே முன்னால் ஓடிவிடும், கிக்கர் திருப்பி அடிக்கும். 350 சிசி ஒற்றை சிலிண்டர் திருப்பி அடித்தால் கணுக்கால் என்ன ஆகும் என்று அடி வாங்கியவர்களைக் கேளுங்கள்.

இரண்டாவது, பாயிண்ட்டைத் திறந்து மூடும் கேம் ஓடும் ஷாஃப்ட். விரலால் பிடித்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது, இடைவெளி ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும். பாயிண்ட் பிளேட் மேல் சென்சர் பொருத்தும் வகையை அந்த ஷாஃப்ட்டிலேயே மாட்டினாலும் அதே ஆட்டம்தான். மூன்றாவது, அட்வான்ஸ் ஸ்பிரிங். தளர்ந்துபோன ஸ்பிரிங்கோடு ஐடிலிங்கிலேயே எடைகள் விரிந்து கிடக்கும். பாதி புகார்கள் இந்த மூன்றையும் ஒழுங்கு பண்ணினாலே தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, இருந்தாலும் மாற்ற வேண்டும் என்றால் எதை வாங்குவது? ரொம்ப தூரம் போகாதவர்கள், வண்டியின் அசல் தன்மையை விட மனமில்லாதவர்கள், பாயிண்ட்டை வைத்துக்கொண்டே ஒரு ட்ரான்சிஸ்டர் பெட்டியை நடுவில் சேர்க்கும் வகையை முதலில் பார்க்கலாம். சாதாரணமாக பாயிண்ட் முனையில் மூன்று நான்கு ஆம்பியர் ஓடும், அதனால்தான் முனை கருகுகிறது. இந்த வகையில் பாயிண்ட் வெறும் சைகை கொடுக்கும் வேலையை மட்டும் செய்யும், கரண்ட்டை ட்ரான்சிஸ்டர் தாங்கிக்கொள்ளும். கண்டன்சர் தேவையில்லை, முனை கருகாது. பாயிண்ட்டின் குதிகால், அதாவது கேம் மேல் உரசும் பகுதி, தேய்வது மட்டும் அப்படியே இருக்கும், இடைவெளியை அவ்வப்போது பார்க்க வேண்டும். வழியில் பெட்டி செத்தால் இரண்டு வயரை மாற்றிக் குத்தி, கையோடு வைத்திருக்கும் கண்டன்சரைச் சேர்த்து வீடு வந்து சேரலாம். இதை ஏன் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை என்று தெரியவில்லை, என் பார்வையில் பெரும்பாலான புல்லட்காரர்களுக்கு இதுவே போதும்.

முழுசாக மாற்றுபவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, அட்வான்ஸை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது. சில செட்டுகள் பழைய எடைகளை அப்படியே விட்டுவிட்டு சென்சரை மட்டும் வைக்கும். பிரிட்டனின் பாயர் பிரான்ஸ்டன், நியூசிலாந்தின் பாஸான், ஆஸ்திரேலியாவின் ட்ரை-ஸ்பார்க் மாதிரியானவை எடைகளைத் தூக்கிவிட்டு அட்வான்ஸைத் தாங்களே கணக்கிடும். இப்படிப்பட்டவற்றுக்கு ஸ்ட்ரோப் லைட் (ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னும் விளக்கு) வைத்து, இன்ஜினை வேகமாக ஓடவிட்டு முழு அட்வான்ஸில் டைமிங் பார்க்க வேண்டும், ஆம்பியர் மீட்டர் முள் உதவாது. அதேபோல சிடிஐயா (கண்டன்சரில் மின்சாரத்தைச் சேர்த்து ஒரே அடியாகக் காயிலுக்கு விடும் வகை) ட்ரான்சிஸ்டர் வகையா என்பதும் முக்கியம். சிடிஐ பொறி சூடானது, ஆனால் கண நேரத்தில் முடிந்துவிடும். ட்ரான்சிஸ்டர் வகைப் பொறி கொஞ்சம் நீடிக்கும். மெதுவாக ஓடும், கார்புரேட்டர் கலவை எப்போதும் துல்லியமாக இல்லாத பழைய ஒற்றை சிலிண்டருக்கு நீடிக்கும் பொறிதான் ஒத்துவரும்.

ஜாவா, யெஸ்டி 6 வோல்ட் வண்டிகளுக்குப் பெட்டி எத்தனை வோல்ட் கேட்கிறது என்பதே முதல் கேள்வி. இரட்டை சிலிண்டர் ஆர்டி 350க்கு இரண்டு ஜோடி பாயிண்ட்டைத் தனித்தனியாக டைமிங் வைக்க வேண்டியிருப்பதால், அங்கே எலக்ட்ரானிக் மாற்றத்துக்கு நான் முழு ஆதரவு.

அப்புறம் காயில். பெட்டிக்கு எத்தனை ஓம் காயில் வேண்டும் என்று பார்க்காமல் இருப்பதை வைத்து மாட்டினால் பெட்டி எரியும். ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் போடாவிட்டால் பொறியின் மின் இரைச்சல் பெட்டியையே குழப்பும். பெட்டியை சிலிண்டருக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள், சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நிற்கும் காற்றுக் குளிர்ச்சி இன்ஜின் விடும் சூட்டில் எந்த எலக்ட்ரானிக்ஸும் நீண்ட நாள் தாங்காது. டூல் பாக்ஸுக்குள்ளோ சீட்டுக்கு அடியிலோ வையுங்கள்.

இன்னொன்று. 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஜூலையில் விதி கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை. ஆகவே எதையும் அறுக்காமல், துளை போடாமல் பொருத்தும் செட்டையே வாங்குங்கள். கழற்றிய பாயிண்ட் பிளேட்டையும் அட்வான்ஸ் யூனிட்டையும் எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தேடினாலும் அசல் தரத்தில் பாயிண்ட் கிடைப்பது இப்போது அரிதாகிவிட்டது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், விற்பவர்களுக்கு. எனக்குத் தெரிந்து இங்கே விற்கும் பல பெட்டிகளில் ஒரு எழுத்துகூட இல்லை, தார் ஊற்றி அடைத்த கறுப்புக் கட்டியிலிருந்து நாலு வயர் நீட்டிக்கொண்டிருக்கும். குறைந்தபட்ச வோல்டேஜ், காயில் ஓம், பேட்டரியின் எந்த முனை வண்டியின் பாடியோடு சேர்கிறது (பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா), எந்த நிற வயர் எங்கே போகும் என்று தமிழில் ஒரு துண்டுத் தாளாவது கூட வையுங்கள். உங்கள் வாகனப் பக்கத்திலும் இதை ஒரு வயரிங் படத்தோடு வெளியிட்டால், செட் வாங்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகிறவர் அந்தப் பக்கத்தையும் கையில் கொண்டுபோவார்.

இப்படிக்கு,
புல்லட் ஓட்டும் வாசகர்,
சென்னை