ஆல்ப்ஸ் நடைக்கு முன் நைனாவுக்கு ஒரு கடிதம்

பெர்ன், சுவிட்சர்லாந்து
மே 17

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கு நான் நலம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் நைனா வீட்டில்தான் இருப்பீர்கள், வலை வேலை போக மாலையில் இதைப் படிக்க நேரம் கிடைக்கும் என்று எண்ணி, தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை விரிவாக எழுதுகிறேன். ஆகஸ்டு முதல் வாரத்தில் நாங்கள் ஏழு பேர் ஆல்ப்ஸ் மலையில் ஆறு நாள் நடக்கப் போகிறோம். யாரோடு போகிறாய், எங்கே தூங்குவாய், நடுவில் முடியாமல் போனால் என்ன செய்வாய் என்று கேட்டீர்கள். எங்கள் திட்டத்தில் பாதி, அந்தக் கடைசிக் கேள்விக்காகவே போடப்பட்டது.

மைரிங்கன் என்னும் ஊரில் தொடங்கி, கிரிண்டல்வால்டு, லவுட்டர்புருன்னன், மியூரன், கிரீசால்ப் வழியாகச் சென்று காண்டர்ஸ்டேக்கில் நடை முடிகிறது. இடையில் கடக்கும் கணவாய்களில் இரண்டு மிக உயரமானவை: செஃபினன்ஃபுர்கே 2,612 மீட்டர், ஹோட்யூர்லி 2,778 மீட்டர். நம் ஊட்டித் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அதற்கும் உச்சி வரை வேன் போகும். இங்கோ 1,408 மீட்டரில் இருக்கும் கிரீசால்பிலிருந்து ஹோட்யூர்லி வரை, ஏறத்தாழ 1,370 மீட்டர் உயரத்தை ஒரே நாளில், முதுகில் மூட்டையோடு காலாலேயே ஏற வேண்டும். ஜூலையிலும் கணவாய்களில் பழைய பனி கிடக்கக்கூடும் என்பதால்தான் ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்தோம்.

எங்களை அழைத்துச் செல்பவர் என் அலுவலகத்தில் பணிபுரியும் பெர்ன் நகரத்து அம்மையார். சிறு வயதிலிருந்தே இந்த மலைகளில் நடப்பவர். முதல் கூட்டத்தில் வரைபடத்தை விரிப்பார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவரோ ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், முழங்கால் வலி உண்டா, உயரத்தைக் கண்டால் அச்சமா, இரவில் குறட்டை விடுவீர்களா என்று எழுதச் சொன்னார். செங்குத்தான இடத்தில் நின்று கீழே பார்த்தால் எனக்குக் கால் கூசும் என்று எழுதிக் கொடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஹோட்யூர்லிக்கு ஏறும் வழியில் மரப்படிகளும் பிடித்துக்கொள்ளக் கம்பிவடமும் உண்டு என்றும், அங்கே எனக்கு முன்னும் பின்னும் அனுபவமுள்ளவர்கள் நடப்பார்கள் என்றும் அப்போதே குறித்துக்கொண்டார். யாழ்ப்பாணப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்த தம்பி ஒருவனும் வருகிறான். என்னோடு தமிழும் அவர்களோடு பெர்ன் ஜெர்மனும் பேசி, எனக்குப் பாதி மொழிபெயர்ப்பாளனாகவும் இருக்கிறான்.

இங்குள்ள மஞ்சள் கைகாட்டிகளில் தூரத்தைக் காட்டிலும் நடக்க ஆகும் நேரத்தையே எழுதியிருப்பார்கள். இளைப்பாறும் நேரம் அதில் சேராது. எங்கள் குழுவில் மிக மெதுவாக நடப்பவருடைய வேகத்தை அளவாக வைத்து, ஒவ்வொரு நாளின் நேரத்தையும் கூட்டி எழுதியிருக்கிறோம். கோடையில் பிற்பகலில் இடிமழை திரளுவது இங்கே வழக்கம் என்பதால், விடியும்போதே கிளம்பி நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும் என்பது விதி; குறித்த நேரத்தில் குறித்த இடத்தை எட்டாவிட்டால் விவாதமின்றித் திரும்ப வேண்டும் என்பது அடுத்த விதி. ஒருவர் முடியாது என்றால் ஏழு பேரும் இறங்குவோம். லவுட்டர்புருன்னனில் ரயில் இருக்கிறது, கிரீசால்பில் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து இருக்கிறது. எந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினாலும் ஊர் திரும்ப வழியுண்டு. விசைப்படகில் ஐஸும் டீசலும் ஏற்றும்போது கரை திரும்பும் வழிக்கும் சேர்த்தே நீங்கள் கணக்கிடுவீர்களே, அதே கணக்குதான்.

விபத்து ஏதும் நேர்ந்தால் 1414 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். 1952-இல் தொடங்கப்பட்ட ரேகா என்னும் மீட்பு அமைப்பு ஹெலிகாப்டர் அனுப்பும். செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் விசிலையோ டார்ச்சையோ நிமிடத்துக்கு ஆறு முறை இயக்கி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடங்க வேண்டும். இரு கைகளையும் மேலே விரித்து நின்றால் உதவி வேண்டும் என்று பொருள். ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாக நின்றால் வேண்டாம் என்று பொருள். இதையெல்லாம் அம்மையார் எங்களை நிற்கவைத்துப் பழக்கினார்.

இரவில் தங்குவது ஊர் விடுதிகளிலும் மலைக்குடில்களிலும். 1863-இல் தோன்றிய சுவிஸ் ஆல்ப்ஸ் சங்கத்தின் குடில் ஒன்று ஹோட்யூர்லிக்கு அருகே, 2,800 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அதற்குக் குளிர்காலத்திலேயே இடம் பதிவு செய்துவிட்டோம்; இந்த நாட்டில் நினைத்த மாத்திரத்தில் கிளம்பும் பழக்கமே அரிது, அது எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. வாசலிலேயே பூட்ஸைக் கழற்ற வேண்டும். மெத்தைகளில் வரிசையாகப் படுக்க வேண்டும், இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். இத்தகைய உயரத்தில் பல குடில்களுக்குப் பொருள்கள் ஹெலிகாப்டரில் வருவதால் விலை கூடுதல். ஆனால் இரவு உணவும் காலை உணவும் அங்கேயே கிடைப்பதால் மதிய உணவை மட்டும் சுமந்தால் போதும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும் என்பதால், ஆகஸ்டிலும் கம்பளிக் குல்லாவும் கையுறையும் மழைச்சட்டையும் தவறாமல் வேண்டும்.

எங்கள் நாள்வாரித் திட்டத்தின் நகல் ஒன்றைத் தனியே அனுப்புகிறேன். தினமும் பேச முடியாது, சிக்னல் கிடைக்கும் ஊரில் இறங்கியதும் அழைப்பேன். ஒரு நாள் அழைப்பு வராவிட்டால் அம்மா பதற வேண்டாம், நைனாதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பும் அண்ணனிடம் இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புங்கள். ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட அதுவே போதும். நெத்திலிக் கருவாடு மட்டும் வேண்டாம் அம்மா, ஒரே அறையில் முப்பது பேர் படுத்திருப்பார்கள்.

தங்கள் அன்பு மகன்