மாமா, சயாமைத்தான் பார்ப்போம்

அன்புள்ள மாமா,

ஞாயிற்றுக்கிழமை பாடாங் செராய் ஒட்டுக்கடையில் பசியாறும்போது, "இந்த அரசியல்வாதிங்களை விரட்டிட்டு ரெண்டே வருசம் பட்டாளத்துக்கிட்ட கொடுத்தா நம்ம மலேசியா உருப்படும், சயாமைப் பாரு" என்று தாய்லாந்தைக் காட்டினீர்கள். அத்தனை பேர் முன்னால் எதிர்த்துப் பேச வேண்டாமே என்று தே தாரிக்கைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

சரி, சயாமையே பார்ப்போம். 2006இல் பட்டாளம் பிரதமர் தக்சினை இறக்கியது, கூடவே இருந்த அரசியலமைப்பு நீதிமன்றத்தையும் கலைத்துவிட்டு வேறொரு தீர்ப்பாயத்தை உட்காரவைத்தது, மறு வருடம் மே மாதம் அந்தத் தீர்ப்பாயம் தக்சின் கட்சியையே கலைத்து 111 பேருக்கு ஐந்து வருடத் தடை போட்டது. 2008இல் பிரதமர் சமாக் பதவியிழந்தது எதற்குத் தெரியுமா? டிவியில் சமையல் நிகழ்ச்சி நடத்திக் காசு வாங்கியதற்கு! பிரதமர் தனியார் கம்பெனிக்கு ஊழியராக இருக்கக் கூடாது என்பது சட்டம்; 'ஊழியர்' என்றால் யார் என்று நீதிபதிகள் அகராதியைப் புரட்டித் தீர்ப்பு எழுதினார்கள். (அத்தையிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.) 2014 மே 7இல் பிரதமர் யிங்லக்கை நீதிமன்றம் இறக்கியது, 22ஆம் தேதி பட்டாளம் வந்து நின்றது.

நீங்கள்தானே சொல்வீர்கள், தோட்டத்தில் வேலை வாங்கும் தண்டல் வாயால் என்ன கத்தினாலும், கணக்குப் பிள்ளையான கிராணி செக்ரோலில், அதாவது பேர்ப் பதிவேட்டில், எழுதினால்தான் அரைப் பேர், அரை நாள் சம்பளம் என்று? அங்கேயும் அதே கதைதான். துப்பாக்கி கொஞ்ச நாள் தெருவில் நிற்கும், அப்புறம் முகாமுக்குப் போய்விடும், எழுதி வைத்த செக்ரோல் மட்டும் அப்படியே இருக்கும். 2023 தேர்தலில் 500க்கு 151 இடம் பிடித்து முதலில் வந்த மூவ் ஃபார்வர்ட் கட்சியை ஆட்சிக்கு வரவிடாமல் மறித்தது பட்டாள ஆட்சி நியமித்த செனட் (மேலவை). அடுத்த வருடம் ஆகஸ்டில் நீதிமன்றம் அந்தக் கட்சியையும் கலைத்தது. ஒரு சிப்பாய்கூட வெளியே வரவில்லை.

1969 இனக் கலவரக் காலத்தை இழுப்பீர்கள், தெரியும். அப்போது நம் நாடாளுமன்றம் 1971 வரை மூடிக் கிடந்தது உண்மைதான், ஆனால் தலைமையில் இருந்தவர் அரசியல்வாதியான துன் ரசாக், ஜெனரல் இல்லை.

அப்புறம் அந்த ரெண்டு வருசக் கணக்கு. 2014இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் பிரயுத்துக்குப் பிரதமர் பதவியின் எட்டு வருட வரம்பு முடிந்துவிட்டது என்று 2022இல் வழக்குப் போனது. 2014இலிருந்து எண்ணக் கூடாது, 2017இலிருந்துதான் எண்ண வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மூன்று வருடம் செக்ரோலிலேயே ஏறவில்லை மாமா. 2023 வரை அவர்தான் பிரதமர்.

தீபாவளிக்கு முன்னால் சயாம் பக்கம் ஹட்யாய் போகலாம் என்றீர்களே, வருகிறேன். மிச்சத்தை வேனில் சண்டை போட்டுக்கொள்வோம்.

உங்கள் மருமகன்