விலை கொடுத்து வாங்கியவருக்கா தடை?

ஆசிரியர் அவர்களுக்கு,

செயலி அங்காடிகளில் நகல் தடுப்பைக் கடுமையாக்க வேண்டும் என்று வலியுறுத்திய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். பிறர் உழைத்து உருவாக்கிய செயலியை நகலெடுத்துப் பரப்புவது திருட்டுதான். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், நகலைத் தடுப்பதாகச் சொல்லிக் கைபேசியையே சந்தேகிக்கும் போக்கு, விலை கொடுத்து வாங்கியவரைத்தான் முதலில் வெளியே நிறுத்துகிறது. இது புதிதும் அல்ல: 2009-இல் கூகுளின் அன்றைய செயலி அங்காடியான ஆண்ட்ராய்டு மார்க்கெட்டில் நகல் தடுப்புள்ள கட்டணச் செயலிகள், செயலி உருவாக்குவோருக்கென்றே கூகுள் விற்ற கைபேசிகளுக்குக் கிடைக்காதபடி மறைக்கப்பட்டன. மறு ஆண்டு அந்நிறுவனமே கொண்டுவந்த உரிமச் சேவை, செயலியை இந்தக் கணக்கு வாங்கியதா என்பதை மட்டும் சரிபார்த்தது. என் பார்வையில் அதுவே நேரான வழி.

தயாரிப்பு நிறுவனம் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டதால், என் கைபேசியில் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் வேறொரு இயங்குதளத்தை நிறுவினேன். அதன்பின், நான் பணம் செலுத்தி வாங்கிய அகராதிச் செயலியைப் பதிவிறக்க முயன்றபோது, ‘உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது’ என்ற ஒற்றை வரியே பதிலாக வந்தது. ரசீதோ இன்றும் அதே கணக்கில் உள்ளது. கைபேசியின் இயங்குதளம் மாற்றப்பட்டுள்ளதா என்று பார்க்கும் சோதனை வங்கிச் செயலிகளுக்குத் தேவை என்பதை ஏற்கலாம், அகராதிக்கு எதற்கு? எனவே, இத்தகைய கட்டுப்பாடுகளை விற்பனைக்கு முன்பே தெளிவாக அறிவிப்பதையும், வாங்கிய பின் அணுகலை மறுத்தால் முழுத் தொகையைத் திருப்பித் தருவதையும் அங்காடிகளுக்குச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும்.