பொருள்: உடைஞ்சு வந்த ரெண்டு தல்வார் (வளைஞ்ச வாள்), ரிஜெக்ட் ஆன க்ளைம் பத்தி புகார்

க்ளைம்ஸ் மேனேஜர், கஸ்டமர் கேர் ஹெட் ரெண்டு பேருக்கும்,

வணக்கம் ஐயா / மேடம்.

டாக்கெட் நம்பரை (பார்சல் ரசீது நம்பர்) மெயில் சப்ஜெக்ட்லயே போட்டிருக்கேன். மறுபடி அதையே கேட்டு "லைன்ல இருங்க சார்"னு சொல்லி பாட்டு போட்டு விடாம, இந்த ஒரு தடவையாவது முழுசா படிச்சுட்டு பதில் போடுங்கன்னு பணிவா கேட்டுக்கிறேன்.

உதய்ப்பூர்ல இருந்து மதுரைக்கு உங்க தரைவழி சர்ஃபேஸ் சர்வீஸ்ல வந்த மரப்பெட்டி அது. உள்ள ரெண்டு தல்வார், ஸ்டீல்ல வெள்ளிக் கம்பி பதிக்கிற கோஃப்ட்கரி வேலை செஞ்ச ஜோடி. ரெண்டும் போச்சு. க்ளைம் போட்டா முதல்ல பாக்கிங் சரியில்லைன்னீங்க, அதுக்கு போட்டோ அனுப்பினதும் டெலிவரி ரெக்கார்டுல "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்"னு இருக்கேன்னீங்க, அதுக்கும் பதில் சொன்னதும் இப்ப கடைசியா வந்த மெயில்ல வாள்ங்கறதே எடுத்துட்டு போகக் கூடாத பொருள், அதுக்கு க்ளைமே கிடையாதுன்னு ரெண்டு வரில முடிச்சுட்டீங்க. எடுத்துட்டு போகக் கூடாதுன்னா ஏன் எடுத்தீங்க? புக்கிங்ல பொருள் பேரே "அலங்கார வாள், வெட்டு விளிம்பு மழுங்கியது, 2"னு தெளிவா எழுதியிருக்கு, இன்வாய்ஸ் காப்பி வாங்கியிருக்கீங்க, ஜோடிக்கு மதிப்பு ரூ.76,000 டிக்ளேர் பண்ணி, ஃப்ரைட் (சரக்குக் கட்டணம்) ரூ.1,850 போக, வழியில சேதமானா நீங்க பொறுப்பேத்துக்கறதுக்கு ரிஸ்க் சார்ஜ்னு 2 பர்சன்ட், ரூ.1,520 தனியா வாங்கியிருக்கீங்க. அந்த காசை வாங்குறப்போ அது வாள்னு தெரியும், திருப்பித் தர்றப்போ மட்டும்தான் தடை செஞ்ச பொருள் ஆயிடுமா?

பாக்கிங் பத்தி சொல்றேன். அனுப்பினவர் பரம்பரையா இந்த வேலை செய்ற குடும்பத்துக்காரர், வெளிநாட்டுக்கே அனுப்புறவர். ஒவ்வொரு வாளையும் உறைக்குள்ள போட்டு, நுனிப்பக்கம் கனமான ஃபோம் கட்டை வச்சு, அதை தனித்தனி பிவிசி பைப்ல இறக்கி, ரெண்டு பக்கமும் மூடி போட்டு, பைப் ரெண்டும் ஆடாம இருக்க பெட்டிக்குள்ள மரத்துண்டு அடிச்சு, ஒவ்வொரு ஸ்டெப்பும் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பியிருக்கார். வாள் மாதிரி பொருளுக்கு ஆபத்தே நுனிதான். பெட்டியை நட்டுக்குத்தலா போட்டா வாளோட மொத்த எடையும் நுனி வழியா இறங்கும். அதுக்குத்தான் அந்த ஃபோம் கட்டை.

எங்கிட்ட வந்த பெட்டில பைப்பும் இல்ல, ஃபோம் கட்டையும் இல்ல. மரப்பெட்டியோட மூடியை நெம்பித் திறந்த தடம் இருக்கு, மேல உங்க கம்பெனி பேர் அச்சடிச்ச டேப்பு சுத்தியிருக்கு, உள்ள ரெண்டு வாளையும் ஒண்ணா சேர்த்து ஒரு பபுள் ஷீட்ல சுருட்டி வச்சிருக்கு. ஸ்கேன்ல வாள் மாதிரி தெரிஞ்சதால வழியில ஏதோ ஹப்ல (பார்சல் பிரிக்கிற கிடங்கு) திறந்து பாத்திருக்கீங்க. திறந்து பாக்குறது உங்க உரிமைன்னே வச்சுக்குவோம், நான் அதுக்கு சண்டைக்கு வரல, ஆனா திறந்தவங்க இருந்த மாதிரியே திரும்ப வைக்கணுமா இல்லையா? இது யார் பாக்கிங்? என் பாக்கிங்கா, அனுப்பினவர் பாக்கிங்கா? உங்க பாக்கிங்தானே. அதை சரியில்லைன்னு ரிஜெக்ஷன் லெட்டர்ல எழுதினது நீங்களே.

என்ன ஆகியிருக்குன்னு சுருக்கமா: ஒரு வாளோட நுனி உறையோட அடியைக் கிழிச்சு, பெட்டியோட பலகை இடுக்கு வழியா வெளிய வந்து வளைஞ்சிருக்கு. பிடியில விரலை மூடுற அந்த வளைவு நசுங்கிப் போச்சு. அலகை பிடிக்குள்ள அரக்கு ஊத்தித்தான் நிக்க வைப்பாங்க, அந்த அரக்கு உடைஞ்சு இப்ப வாளைத் தூக்கினா பிளேடு லொடலொடன்னு ஆடுது. இன்னொரு வாள்ல பிடியோட வெள்ளி வேலை மேல முதல் வாள் உரசி உரசி ஒரு பக்கம் பூரா கொடி டிசைன் பேந்து போயிருக்கு. போட்டோ எல்லாம் இணைச்சிருக்கேன்.

இதுல கப்பலூர் ஹப்ல நடந்ததை சொல்லாம இருக்க முடியல. உங்க கால் சென்டர்ல இருந்துதான் சொன்னாங்க, இன்ஸ்பெக்ஷனுக்கு பெட்டியோட நேர்ல வாங்க, சூப்பர்வைசர் பாத்து கையெழுத்து போட்டா க்ளைம் உடனே பாஸ் ஆகும்னு. நான் இருக்கறது மாட்டுத்தாவணி பக்கம். ஊரோட இந்தக் கோடில இருந்து அந்தக் கோடிக்கு, நாலடி நீளப் பெட்டியை ஆட்டோல வச்சுக்கிட்டு, நுனி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு அதுக்கு துணியை சுத்திக்கிட்டு, வழியில போலீஸ் செக்கிங்ல நிறுத்தி பெட்டியைத் திறக்கச் சொல்லி, இன்வாய்ஸைக் காட்டி, மழுங்கின அலங்கார வாள் சார்னு நடுரோட்டுல விளக்கம் சொல்லி, இந்த வயசுல எனக்கு இது தேவையா? அங்க போனா சூப்பர்வைசர் லீவு. சரி, வேற யாராவது பாத்து எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். கவுன்டர்ல இருந்த ஆள் போனை விட்டு தலையைத் தூக்காமயே "ஏன் பெருசு, இந்த அட்டக்கத்திக்கு எதுக்கு இவ்வளவு அலப்பறை பண்ற, ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக்க வேண்டியதுதானே"ன்னார். பக்கத்துல பார்சல் எடுக்க வந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க.

அட்டக்கத்தியாம். கோஃப்ட்கரின்னா என்னன்னு அவருக்குத் தெரியாம இருக்கலாம், ரூ.1,520 ரிஸ்க் சார்ஜ் வாங்கின உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். ஸ்டீல் மேல உளியால குறுக்கும் நெடுக்குமா முடி கனத்துல கீறி, அந்தக் கீறல்ல மெல்லிசு வெள்ளிக் கம்பியை சுத்தியலால தட்டித் தட்டி உக்கார வச்சு, சூடு காட்டி, கல்லால தேய்ச்சு மெருகேத்துவாங்க. பசை கிடையாது, பூச்சு கிடையாது, கீறல்தான் கம்பியைப் பிடிச்சு வச்சிருக்கும். உதய்ப்பூர் கோஃப்ட்கரிக்கு 2023ல புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க. ஒரு பிடிக்கு வாரக்கணக்குல உக்காந்து வேலை பாப்பாங்க. அதைப் போய் ஃபெவிக்விக் போட்டு ஒட்டுன்னு ஒரு மனுஷன் சொல்றார், அவர் சட்டைல உங்க கம்பெனி பேரு இருக்கு. இரும்பை உருக்கி உருக்கு செஞ்சு உலகத்துக்கே அனுப்பின மண்ணு இது, பழைய உருக்கு உலைகளைத் தோண்டி எடுத்த கொடுமணல்ல போய் பாத்தா தெரியும். வாள்னா இவங்களுக்கு கிண்டலாப் போச்சு. அவர் எங்கிட்ட எழுத்துல மன்னிப்பு கேக்கணும். காசு ஒரு பக்கம், இது தனி. இதை நான் விடறதா இல்ல.

கோபத்துல எழுதறேன்னு நினைக்காதீங்க, உங்க சைடுல நல்லவங்களும் இருக்காங்க. ஒரு மேடம் ரொம்ப பொறுமையா கேட்டு "சேதத்தை மதிப்பிட சர்வேயர் வருவார் சார், அதுவரைக்கும் பொருளைத் தொடாதீங்க, துடைக்காதீங்க, பாக்கிங்கை தூக்கிப் போடாதீங்க, இல்லைன்னா க்ளைம் செல்லாது"ன்னு சொன்னாங்க. நானும் நம்பி அப்படியே வச்சேன். அங்கதான் என் தலையில இடி விழுந்துச்சு. பெட்டி எங்கயோ மழைல நனைஞ்சிருக்கு, உறைக்கு சுத்தின வெல்வெட் வந்தப்பவே ஈரம். வாளை அன்னைக்கே வெளிய எடுத்து, துடைச்சு, எண்ணெய் தடவியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது, வாள் வச்சிருக்கற யாருக்கும் தெரிஞ்ச விஷயம் இது. நீங்க தொடாதன்னீங்க. சர்வேயர் இன்னைக்கு வருவார் நாளைக்கு வருவார்னு போன் மேல போன், வரவே இல்ல. அதுக்குள்ள அலகு பூரா துரு, வெள்ளிக் கம்பிக்கு அடியிலயும் துரு ஏறி, நல்லா இருந்த இடத்துலயும் கம்பி தூக்கிக்கிட்டு வருது. கடைசில வந்த மெயில்ல "துருவுக்கு கம்பெனி பொறுப்பல்ல, அது பொருளின் இயல்பு"ன்னு ஒரு வரி. படிச்சதும் கை நடுங்கிருச்சு. பாதி டேமேஜ் உங்க லாரியில நடந்துச்சு, மீதி டேமேஜ் உங்க இன்ஸ்ட்ரக்ஷனால என் வீட்டு ஹால்ல என் கண்ணு முன்னாடியே நடந்துச்சு.

டெலிவரி ரெக்கார்டு பத்தியும் சொல்லிடறேன், முன்னாடியே சொல்லியிருக்கணும். டெலிவரி பண்ண வந்த தம்பி பெட்டியை வண்டில இருந்து இறக்கறதுக்கு முன்னாடியே ஓடிபி கேட்டார். அடுத்த டெலிவரிக்கு லேட் ஆகுது, ஓடிபி சொன்னாத்தான் இறக்கவே முடியும்னார். திறந்து பாத்துட்டு வாங்கற ஓபன் டெலிவரி கேட்டேன், அந்த ஆப்ஷன் இல்லைன்னார். ஓடிபி போட்டதும் உங்க சிஸ்டம் தானாவே "நல்ல நிலையில்"னு எழுதிக்குது. நான் பெட்டியை கண்ணால பாக்காத நேரத்துல நான் சொன்னதா ஒரு சாட்சி. அந்தத் தம்பி மேல எனக்கு கோபம் இல்ல, அப்படி ஓட விடறது நீங்கதான். நுனி வெளிய நீட்டிக்கிட்டு இருந்ததை அவர் வண்டி பக்கத்துல வச்சே போட்டோ எடுத்திருக்கேன், டெலிவரி நேரமும் போட்டோ நேரமும் ஒண்ணா இருக்கும், பாத்துக்கோங்க.

சட்டமும் எனக்குக் கொஞ்சம் தெரியும். ரோடு வழியா சரக்கு கொண்டு போறதுக்கான 2007 கேரேஜ் பை ரோடு சட்டத்துல கூரியர் ஏஜென்சியும் வரும். உங்க ஆள் ஒருத்தர் "ஃப்ரைட்ல 10 மடங்குதான் சார் லிமிட், ரூ.18,500 வாங்கிக்கோங்க"ன்னார். அந்த லிமிட் ரிஸ்க் கட்டணம் கட்டாதவங்களுக்கு. நான் கட்டியிருக்கேன். இன்னொருத்தர் அதுக்கும் கீழ போய் அடுத்த பார்சலுக்கு ரூ.500 கூப்பன் தர்றேன்னார். இன்னொரு தடவை உங்க வண்டில ஒரு குண்டூசி கூட நான் அனுப்ப மாட்டேன், அந்தக் கூப்பனை வச்சு நான் என்ன பண்றது? அந்த சட்டப்படி உங்க கவனக்குறைவை நான் நிரூபிக்கத் தேவையே இல்ல, பொருள் உங்க கைல இருந்தப்போ கெட்டுச்சுன்னா போதும். புக்கிங் தேதில இருந்து 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும்னு இருக்கு, இந்த லெட்டரை அந்த நோட்டீஸாவே எடுத்துக்கோங்க, ஸ்பீடு போஸ்ட்லயும் ஒரு காப்பி வருது.

நஷ்டம் எவ்வளவுன்னு கேட்டா, ரூ.76,000னு இன்வாய்ஸ் சொல்லும், என் கணக்குல ரெண்டு லட்சத்துக்குக் குறையாது. ஜோடியா ஒரே கைல, ஒரே டிசைன்ல, வலது இடதா கொடி திரும்பற மாதிரி சொல்லி செய்ய வச்சது. திருப்பி செஞ்சு குடுங்கன்னு கேட்டா அதைச் செஞ்ச பெரியவர் இப்ப கண்ணு தெரியல, நுணுக்க வேலை விட்டுட்டேன்னு சொல்றார். மதுரைல இதைத் தொட்டு சரி பண்ண ஒரு ஆள் கிடையாது, அங்கயே திருப்பி அனுப்பணும்னா யார் மூலமா அனுப்புவேன்? சின்னச் சின்னதா காசு சேத்து வருஷக்கணக்கா சேகரிச்ச கலெக்ஷனுக்கு நடுவுல வைக்கத்தான் இந்த ஜோடியை வாங்கினேன், அந்த இடம் காலியா இருக்கு, இப்ப மொத்த கலெக்ஷனுக்குமே மதிப்பில்லாத மாதிரி ஆயிடுச்சு.

தயவு செஞ்சு இதை ஒரு பொறுப்பான ஆள் கைல குடுங்க. டிக்ளேர் பண்ணின ரூ.76,000, ஃப்ரைட், ரிஸ்க் சார்ஜ், கப்பலூர் அலைஞ்ச ஆட்டோ செலவு இதெல்லாம் வேணும். பெட்டியை எந்த ஹப்ல, யார் திறந்தாங்கன்னு ரெக்கார்டு வேணும், சிசிடிவி அழிஞ்சு போறதுக்கு முன்னாடி எடுத்து வைங்க. கவுன்டர் ஆளோட மன்னிப்புக் கடிதம் வேணும். உங்களோட நல்லபடியா முடிச்சுக்கணும்னுதான் எனக்கும் ஆசை, கோர்ட்டு கேஸுன்னு அலைய எனக்கு உடம்புல தெம்பில்ல.

ஆனா 15 நாளுக்குள்ள பதில் வரலைன்னா 1915க்கு போன் போட்டு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைன்ட் பதிஞ்சுட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கற ஊர்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது, வக்கீல் இல்லாம நானே வாதாடலாம். மன உளைச்சலுக்கு தனியா கேப்பேன், அப்ப ரூ.76,000ல நிக்காது. அந்த பேக்கிங் வீடியோவையும் உங்க டேப்பு சுத்தின பெட்டியையும் நேரா ஆணையத்துக்கே கொண்டு வருவேன்.

பதில் எழுத்துல மட்டும் அனுப்புங்க. போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை

இணைப்பு: இன்வாய்ஸ், புக்கிங் ரசீது, பேக்கிங் வீடியோ, டெலிவரி அன்னைக்கு எடுத்த போட்டோ, துரு ஏறின பிறகு எடுத்த போட்டோ, உங்க மூணு ரிஜெக்ஷன் மெயிலும்.