இடது பக்கம் போகாதே, பாப்பா

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான் இருக்கிறது. கூரை வேலையை மழைக்கு முன் முடித்துவிடலாம் என்கிறான் தம்பி. மற்றதை அம்மா போனில் சொல்லுவாள்.

போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய். கடிதம் என்றால் முழுதாகப் படிப்பாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியபோது, இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாய். எப்போதும் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறவள், அன்று தட்டைத் தொடவே இல்லை. போனை வலது கையிலிருந்து மாற்றவும் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. "அவளாகச் சொல்லட்டும்" என்கிறாள் அம்மா. சைக்கிளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முருங்கப்பாக்கத்திலிருந்து தவளக்குப்பம் வரை நீ தினமும் போகிற சாலை எனக்கு நன்றாகத் தெரியும். சிப்காட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் எத்தனையோ இரவுகள் லாரி ஓட்டினேன். நீ சைக்கிள் சீட்டில் இருந்து பார்க்கிற சாலையை நான் கேபினில் இருந்து பார்த்தவன். அங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு இடது பக்கக் கதவை ஒட்டிக் கீழே இருப்பது எதுவும் தெரியாது. பம்பருக்கு நேர் முன்னால் சைக்கிள் நின்றாலும் தெரியாமல் போகலாம். கிளீனர் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, கதவைத் தட்டிச் சொன்னால்தான் நாங்கள் வண்டியை ஒடிப்போம். இப்போது பல லாரிகளில் கிளீனரே கிடையாது, டிரைவர் ஒற்றை ஆளாக ஓட்டுகிறார். ஆகவே லாரியின் இடது பக்கம் போகாதே. சிக்னலில் நிற்கிற லாரியாக இருந்தாலும், இடது பக்கத்தில் எவ்வளவு இடம் இருந்தாலும், உள்ளே நுழையாதே. பின்னால் நில். இரண்டு நிமிடம் போனால் போகட்டும்.

இன்னொன்று. நீளமான வண்டி இடது பக்கம் திரும்புவதற்கு முன் கொஞ்சம் வலது பக்கம் வாங்கும். வளைவு போதாது என்பதால் அப்படிச் செய்வோம். பின்னால் வருகிறவர்களுக்கு வழி விடுவதுபோலத் தெரியும். வழி விடுவது இல்லை, பாப்பா. திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ராசு மாமா ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டது அப்படி ஒரு பால்காரர் சிக்கிய பிறகுதான். அந்தப் பால்காரரைக் கண்ணாடியில் பார்க்கவே இல்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்பது உனக்கும் தெரியும்.

அரியாங்குப்பம் பாலத்திலும் நோணாங்குப்பம் பாலத்திலும் ஒதுங்க மண் கிடையாது. பஸ் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தால் நீ போக இடமில்லை. பெரிய வண்டி உரசிக்கொண்டு கடந்தால் காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு நேராகப் போ, திரும்பிப் பார்க்காதே. பாலம் வருவதற்கு முன்பே பின்னால் என்ன வருகிறது என்று பார்த்துவிடு. பெரிய வண்டி வந்தால் நின்று அதை அனுப்பிவிட்டு ஏறு. மற்ற இடங்களில் தார் விளிம்பிலேயே ஓட்டாதே. தாருக்கும் மண்ணுக்கும் நடுவே மேடு பள்ளமாக இருக்கும், முன்சக்கரம் இறங்கினால் சைக்கிள் சாலைப் பக்கமாகத்தான் சாயும். ஓர் அடி உள்ளே தள்ளியே போ. ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ஹாரன் அடிக்கிறவன் உன்னைப் பார்த்துவிட்டான்.

ராத்திரி ஷிப்ட் முடித்து வரும்போதுதான் எனக்குப் பயம். கன்னியக்கோயிலில் குடித்துவிட்டு வருகிறவர்கள் எப்படி ஓட்டுவார்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் சைக்கிளில் இருப்பது டைனமோ விளக்கு, நீ நின்றால் அதுவும் அணைந்துவிடும். எதிரே ஹைபீம் அடித்தால் டிரைவருக்குச் சில வினாடிகள் கண்ணே தெரியாது. அந்தச் சில வினாடிகளில் கறுப்புச் சுடிதாரும் கறுப்புச் சைக்கிளும் சாலையில் இல்லாத மாதிரிதான். பேட்டரியில் எரிகிற சிவப்பு விளக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சைக்கிளுக்குச் சட்டம் ஹெல்மெட் கேட்பதில்லை, நான் கேட்கிறேன்.

அடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிற வண்டியில் அடிபட்டவர்களுக்கு அரசாங்கம் ஓர் இழப்பீடு வைத்திருக்கிறது. 2022 ஏப்ரலில் அதை உயர்த்தினார்கள். உயிர் போனால் 2 லட்சம், பலத்த காயம் என்றால் 50,000. முன்பு 25,000, 12,500 என்று இருந்தது. நாளிதழில் அதைப் படித்துவிட்டு அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

சைக்கிளை விட்டுவிடு என்று சொல்லவில்லை. சொல்லி நீ கேட்டதும் இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து, தெருவெல்லாம் மரம் விழுந்து பஸ் நின்றுபோன நாட்களில், பிளஸ் ஒன்னில் கொடுத்த அந்தச் சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் வரை போய்ப் பாட்டிக்கு மாத்திரை வாங்கி வந்தாய். கரண்ட் இல்லாத வீட்டில் பாட்டி அதைப் பத்துப் பேரிடம் சொன்னாள். நானும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது வண்டியே ஓடாத சாலை, பாப்பா. நீ இப்போது போவது அப்படியா? ஸ்கூட்டிக்குப் பணம் தருகிறேன் என்றேன், "பெட்ரோலுக்கு யார் தருவது?" என்று கேட்டாய். வாடகையையும் கொடுத்துத் தம்பி ஃபீஸையும் கட்டுகிறவள் அப்படித்தான் கேட்பாய். அதில் எனக்குப் பெருமைதான். கோபமும் இருக்கிறது. ராத்திரி ஷிப்டுக்காவது பஸ்ஸில் வா. பஸ் இல்லாவிட்டால் கூட வேலை செய்கிற யாருடைய வண்டியிலாவது வா. மழை பெய்தால் எடுக்கவே எடுக்காதே.

லாரியின் இடது பக்கம் போகாதே. திரும்பவும் எழுதுகிறேன் என்று சலித்துக்கொள்ளாதே.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அங்கே வருகிறேன். அம்மா கொழுக்கட்டை கொடுத்து அனுப்புவாள். விளக்கை நானே மாட்டித் தருகிறேன். அதுவரை சைக்கிளைக் கடையில் விட்டுச் சரி செய்ய வேண்டாம், ஹேண்டில் கோணியிருந்தால் அப்படியே இருக்கட்டும். எப்படி விழுந்தாய் என்று கேட்க மாட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் எடுத்து வை.

அன்புடன்,
அப்பா